எழுபத்து நான்கு தாமதங்கள்

உட்காருங்கள் ஏட்டம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். பாக்கியம், மெஸ்ஸுக்குப் போய் ஏட்டம்மாவுக்கு ஒரு டம்ளர் மோர் வாங்கிக்கொண்டு வா. உப்பு கம்மியாகப் போடச் சொல்லு.

மாரிக்கனி விஷயம்தானே? நேற்றுக் காலையிலேயே பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள், நடத்தை விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவார்கள், விடுதிக் காப்பாளர் நீங்கள்தான் எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுக்கிறேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் படிவத்தில் ஒரு வரிதான் விட்டிருக்கிறீர்கள். 'விடுதியில் தங்கியிருந்த காலத்தில் நடத்தை எப்படி?' இதற்கு ஒரு வரியில் எப்படிப் பதில் எழுதுவது?

'நன்று' என்று போட்டுவிடலாம்தான். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் என் பீரோவில் ஒரு பதிவேடு இருக்கிறதே, அதை என்ன செய்வது? தாமத வருகைப் பதிவேடு. மாலை ஆறு மணிக்குமேல் கேட்டுக்குள் வருகிறவர்கள் எல்லோரும் அதில் கையெழுத்துப் போடவேண்டும். அதில் இந்தப் பெண்ணின் பெயர் எழுபத்து நான்கு இடத்தில் இருக்கிறது. எழுபத்து நான்கு. பத்தொன்பது வருஷமாக இந்தக் குறிஞ்சி இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறேன், இவளுக்கு முன்னால் இரட்டை இலக்கத்தைத் தாண்டியவர்களே இல்லை என்று சொல்ல வந்தேன், இரட்டை இலக்கத்தைத் தொட்டவர்களே இல்லை. நாளைக்கு யாராவது இதை எடுத்துப் பார்த்து, ஞானசௌந்தரி மேடம் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொன்னால்? ஆறு மணிக்கு வரத் தெரியாதவளை ஒரு ஸ்டேஷனில் உட்காரவைத்தால் உங்களுக்குத்தான் கஷ்டம். உங்களுக்கே மேலதிகாரியாக வந்தாலும் வருவாள்.

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, என்ன எழுதலாம் என்று நீங்களே சொல்லுங்கள். அவள் வேலை இந்த ஒரு வரியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

முதலில் ஒன்று. இந்தக் காலத்துப் பெண்களுக்கு உடம்பை அசைக்கவே பிடிப்பதில்லை. இதை நான் சொல்லவில்லை, ஆராய்ச்சியே சொல்கிறது. போன ஜூன் மாதம் உடற்கல்வித் துறையிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவர் கட்டுக் கட்டாகத் தாள் கொண்டுவந்தார். மாணவியரின் உடற்பயிற்சிப் பழக்கங்கள் பற்றி நாற்பது கேள்வி. எல்லாரையும் மெஸ்ஸில் உட்காரவைத்து, பக்கத்திலேயே நின்று நிரப்பச் சொன்னேன். 'வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள்?' நூற்று எண்பது பேரும் 'ஏழு நாளும்' என்று டிக் அடித்தார்கள். அவ்வளவும் பொய். 'உடற்பயிற்சி செய்யத் தடையாக இருப்பது எது?' நேரமின்மை, இடமின்மை, ஆர்வமின்மை, பிற. பிற என்பதற்குப் பக்கத்தில் ஒரு கோடு. அதில் நூற்றுப் பன்னிரண்டு பேர் 'வார்டன்' என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பையனுக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கினேன், எதைச் செய்தாலும் வார்டன் அனுமதி வேண்டும் என்கிற ஒழுக்கம் இங்கே அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது தம்பி என்று. அவர் எழுதிக்கொண்டார்.

வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாடியில் ஜிம் இருக்கிறது. பெரிய மனிதர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். ஓடுகிற இயந்திரம் இரண்டு, சைக்கிள் இரண்டு. மூன்று வருஷமாயிற்று, இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை, அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறோம். சாவி நம் பிசிகல் டைரக்டர் தங்கதுரை சாரிடம். ஒரு பெண்ணாவது வந்து சாவி கேட்டாளா? மாரிக்கனி கேட்டாள். ஒருத்தி கேட்டால் அது கணக்கில் சேருமா? தங்கதுரை சார் இருக்கும்போதுதான் திறக்கலாம், அவர் பகலெல்லாம் கிரவுண்டில் இருப்பார். மைதானமும் இருக்கிறது. நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை பெண்கள் போகலாம். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஓரமாகப் போகலாம். இவள் எம்.எஸ்ஸி. வேதியியல், லேப் ஐந்து மணிக்கு முடியும். மைதானத்துக்கு நடந்து போக இருபது நிமிஷம். அங்கிருந்து விடுதிக்கு இருபத்தைந்து நிமிஷம். ஆக முழுசாகப் பதினைந்து நிமிஷம் கிடைக்கிறது. போதாதா?

இதில் இன்னொரு கதை உண்டு. போன வருஷம் ஜூலையில் பெண்கள் தாங்களாகவே நடக்க ஆரம்பித்தார்கள். மாலை ஆறு மணிக்கு ரோல்கால் முடிந்ததும் விடுதிக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஏழரைக்கு மெஸ் மணி அடிக்கிறவரை நடப்பார்கள். மூன்று பேர், நாலு பேராகக் கைகோத்துக்கொண்டு, உலகத்துக் கதையெல்லாம் பேசிக்கொண்டு. யாரோ செல்போனில் பாட்டு வைத்திருப்பாள். இந்த மாரிக்கனி மட்டும் அவர்களுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடுவாள். அவர்கள் வழிவிட்டு, "பத்து ஆச்சுடி, பதினொண்ணு ஆச்சுடி" என்று எண்ணிச் சொல்வார்கள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்? அன்றைக்கே உட்கார்ந்து சுற்றறிக்கை எழுதினேன். நலவாழ்வு நடைத் திட்டம். இருவர் இருவராக வரிசையில் நடக்கவேண்டும். துப்பட்டா கட்டாயம். இடமிருந்து வலமாக மட்டுமே சுற்றவேண்டும். செல்போன் கூடாது. பேச்சு கூடாது, பேசினால் மூச்சு கெடும். நடக்கும் முன் ஒரு கையெழுத்து, நடந்த பின் ஒரு கையெழுத்து. ஏழாவது விதி, ஓடக் கூடாது. கூட்டத்தில் ஓடினால் இடித்துக்கொள்வார்கள் இல்லையா.

முதல் நாள் நூற்று நாற்பது பேர். இரண்டாம் நாள் அறுபது. ஒரு வாரத்தில் கையெழுத்து மட்டும் நூற்று நாற்பது இருந்தது, வெளியே போய்ப் பார்த்தால் ஒரு பூனை நடந்துகொண்டிருந்தது. இதைத்தான் சொல்கிறேன். எவ்வளவு ஏற்பாடு செய்து கொடுத்தாலும் இவர்களுக்கு ஆர்வம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் மாரிக்கனி என் அறைக்கு வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். ஒல்லியாக, கறுப்பாக, கண்ணுக்கு நேராகப் பார்த்துப் பேசுவாள்.

"மேடம், காலைல அஞ்சரைக்கு காம்பவுண்டுக்குள்ளயே ஓடிக்கிறேன் மேடம்."

"எதுக்கு?"

"எஸ்.ஐ. தேர்வுக்கு. எழுத்துத் தேர்வு நல்லா எழுதியிருக்கேன். அடுத்து ஓட்டம் வரும். நானூறு மீட்டர்."

"விழுந்து கைகால ஒடிச்சுக்கிட்டா உங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் விழமாட்டேன் மேடம்."

"விழறவ எவ, விழப்போறேன்னு சொல்லிட்டு விழறா?"

அப்பாவிடம் கடிதம் வாங்கிவரச் சொன்னேன். வாங்கி வந்தாள். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை, கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. பதிவாளர் ஒப்புதல் வேண்டும் என்று அனுப்பிவைத்தேன். அந்தக் கடிதம் போயிற்று. நான் முறைப்படிதான் நடந்துகொண்டேன். கடிதம் திரும்பி வராததற்கு நான் என்ன செய்ய முடியும்?

சரி, இப்போது தாமதத்துக்கு வருகிறேன்.

அதே ஜூலைக் கடைசியில், விடுதிக்குத் தாமதமாக வருகிறவர்கள் எண்ணிக்கை கொஞ்சம் கூடியது. ஒரே நாளில் எட்டுப் பேர். வழக்கமாக என்ன செய்வோம் என்றால் மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்வோம். அதற்கு யார் பயப்படுகிறார்கள்? ஒருத்தி எழுதிக் கொடுத்தால் ஏழு பேர் காப்பி அடிக்கிறார்கள். நான் யோசித்தேன். இவர்களுக்கு உலகத்திலேயே பிடிக்காதது எது? உடம்பை அசைப்பது. அதையே தண்டனையாக வைத்தால்? இன்று தாமதமாக வந்தால் நாளைக் காலை ஐந்தரைக்கு விடுதியைச் சுற்றி மூன்று சுற்று ஓடவேண்டும். நான் நேரில் நின்று பார்ப்பேன்.

பலன் உடனே தெரிந்தது ஏட்டம்மா. எட்டுப் பேர் ஓடினார்கள். ஏழு பேர் அதோடு திருந்திவிட்டார்கள். ஒருத்தி மட்டும் திருந்தவில்லை.

மறுநாள் ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்கு வந்தாள். அதற்கு மறுநாள் ஆறு ஒன்று. அதற்கு மறுநாள் ஆறு இரண்டு. பெரிய தாமதம் என்று ஒருநாளும் கிடையாது, ஆனால் தாமதம் இல்லாத நாளும் கிடையாது. கேட்டில் இருக்கிற பாக்கியம் என்னிடம் வந்து சொன்னாள், "மேடம், அந்தப் புள்ள ஆறு மணிக்கு முந்தியே வந்துருது. கேட்டுக்கு வெளிய நின்னு வாட்சப் பாக்குது. ஆறு தாண்டுனதும் உள்ள வருது." பாருங்கள் திமிரை. வந்து வெளியே நிற்கிறாள். வேண்டுமென்றே. எனக்கு வந்த கோபத்தில், மூன்று சுற்றை ஐந்தாக்கினேன்.

ஐந்தையும் ஓடினாள். முகத்தில் ஒரு வருத்தம் இல்லை. ஓடி முடித்துவிட்டு, "நாளைக்குப் பாக்கலாம் மேடம்" என்கிறாள். எட்டாக்கினேன். செப்டம்பரில் பன்னிரண்டாக்கினேன். இதற்குமேல் ஆக்கினால் யாராவது புகார் கொடுப்பார்கள் என்று அதோடு நிறுத்தினேன்.

கட்டடத்தைச் சுற்றி ஒரு சுற்று எவ்வளவு இருக்கும் என்று கேட்கிறீர்களா? அவளே அளந்திருக்கிறாள். அடியளந்து பார்த்து, இருநூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறையும் என்று சொன்னாள். எதற்கு அளந்தாய் என்றேன். "நாள பின்ன நீங்க குறைச்சுக் குடுத்துட்டீங்கன்னு யாரும் உங்களச் சொல்லக்கூடாதுல்ல மேடம்" என்றாள். அதில் நியாயம் இருந்தது.

பன்னிரண்டையும் ஒரே மூச்சில் ஓடினால் கடைசியில் நடக்க ஆரம்பித்துவிடுகிறாள். நடப்பது தண்டனை ஆகுமா? அதனால் இரண்டு சுற்று வேகமாக ஓடு, ஒரு நிமிஷம் நில், மறுபடி இரண்டு சுற்று ஓடு என்று பிரித்துக் கொடுத்தேன். ஏமாற்றக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் செல்போனில் நேரம் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். இதோ பாருங்கள். ஆகஸ்ட் மாதம், இரண்டு நிமிஷம் இருபது நொடி. இங்கே பாருங்கள், செப்டம்பர், ஒன்று ஐம்பத்தெட்டு. அக்டோபரில் ஒன்று முப்பத்தொன்று. சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிப்போகப் பார்க்கிறாள், தெரிகிறதா? நான் விடுவேனா? "நேத்து ஒண்ணு முப்பத்தொண்ணு, இன்னிக்கு ஒண்ணு முப்பத்தஞ்சு, என்னடி சோம்பேறித்தனம்?" என்று கேட்டால், மறுபடி ஓடிக் காட்டுவாள்.

ஒரு நாள் தங்கதுரை சார் ஏதோ கையெழுத்துக்கு வந்தவர், இந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "மேடம், நீங்க எந்தக் காலேஜ்ல உடற்கல்வி படிச்சீங்க?" என்றார். நான் தாவரவியல் சார் என்றேன். "பத்துப் பேருக்குப் பயிற்சி குடுத்தவங்க எழுதுன மாதிரி இருக்கு" என்றார். இவர் ஜிம் உறையைப் பிரிக்காத ஆள், என்னைக் கிண்டல் செய்கிறார். நான் பதிவேட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

கட்டடத்துக்குப் பின்பக்கம், மெஸ் தொட்டி இருக்கிற மூலையில், குறுக்கே புகுந்து வருகிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் நான் நாற்காலியை விட்டு எழுந்து, முன்பக்கம் கொஞ்சம், பின்பக்கம் கொஞ்சம் என்று போய்ப் பார்க்கவேண்டியிருந்தது. தினமும் முக்கால் மணி நேரம் இந்த அலைச்சல். எனக்குச் சர்க்கரை வேறு. டாக்டர் பல வருஷமாக நடங்கள், நடங்கள் என்கிறார், எனக்கு நடக்க எங்கே நேரம்? ஆனால் நவம்பரில் பார்த்தபோது இருநூற்று நாற்பதிலிருந்து நூற்று அறுபதுக்கு வந்திருந்தது. பாகற்காய்ச் சாறு குடித்தேன் இல்லையா, அது நன்றாகக் கேட்கிறது.

செருப்புக்காலோடு ஓடினாள் முதலில். அது தட்டுத் தட்டென்று அடித்து முதல் மாடிக்காரிகளை எழுப்பிவிடுகிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். என் மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி இருந்தது, அதைப் போட்டுக்கொள் என்று கொடுத்தேன். சத்தம் நின்றது. ஒரு நாள் எட்டாவது சுற்றில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். என் தண்டனையில் எவளாவது மயங்கி விழுந்தால் பெயர் யாருக்குக் கெடும்? மெஸ்ஸில் சொல்லி ஓடுமுன் ஒரு வாழைப்பழம், ஓடினபின் இரண்டு அவித்த முட்டை கொடுக்க ஏற்பாடு செய்தேன். தண்டனை கொடுத்தால் தண்டனை ஒழுங்காக நடக்கவேண்டும். அரைகுறையாக எதையும் செய்வது எனக்குப் பிடிக்காது.

நீங்கள் மோரைக் குடியுங்கள். ஏன் புரையேறுகிறது?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னைப் பாதித்தது இதற்கடுத்து வந்ததுதான். அக்டோபர் நடுவில் இன்னும் நாலு பேர் தாமதமாக வர ஆரம்பித்தார்கள். யார் தெரியுமா? அந்த மாலை நடைக் கோஷ்டி. நாலு பேர் ஒன்பது பேரானார்கள். ஒன்பது பேர் இருபத்தாறு பேரானார்கள். தினமும் ஆறு மணிக்குக் கேட்டுக்கு வெளியே ஒரு கும்பல் நிற்கும், ஆறு ஒன்றுக்கு மொத்தமாக உள்ளே வரும். காலையில் ஐந்தரைக்கு யாரும் எழுப்பாமலே வந்து நிற்பார்கள். ஓடுவார்கள், மூச்சு வாங்கினால் நடப்பார்கள், கதை பேசுவார்கள், சிரிப்பார்கள். ஒருத்தி கேட்கிறாள், "மேடம், எனக்கு மட்டும் நேரம் எழுதலியே, நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" இன்னொருத்தி அவளிடம், "ஏய், நீ லேட்டா வரலைன்னா நாளைக்கு என்கூட யாருடி ஓடுவா?" என்கிறாள். ஒழுக்கக் கேடு என்பது தொற்றுநோய் ஏட்டம்மா. ஒருத்தியிடம் ஆரம்பித்தால் போதும்.

நவம்பர் முதல் வாரம் பதிவாளரிடமிருந்து எனக்கு மெமோ வந்தது. எல்லா விடுதிகளிலும் தாமதம் குறைந்திருக்கிறது, குறிஞ்சி இல்லத்தில் மட்டும் பல மடங்கு கூடியிருக்கிறது, விளக்கம் தருக. பத்தொன்பது வருஷத்தில் எனக்கு மெமோ வந்ததில்லை. அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை நான். சாயங்காலமே நோட்டீஸ் போட்டேன். ஓட்டத் தண்டனை இன்றோடு ரத்து. இனித் தாமதமாக வந்தால் மன்னிப்புக் கடிதம் மட்டும்.

மறுநாள் அந்த இருபத்தாறு பேரும் ஐந்தே முக்காலுக்கு விடுதிக்குள். முகமெல்லாம் தொங்கிப்போய். ஒரே நாளில் சரியாகிவிட்டது. ஆறு இரண்டுக்கு ஒருத்தி மட்டும் உள்ளே வந்தாள்.

வந்து என் மேஜைக்கு எதிரில் நின்றாள். கடிதத்துக்குத் தாள் எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"கடிதம் வேண்டாம் மேடம். தண்டனை குடுங்க."

"அதான் எடுத்தாச்சே. நோட்டீஸ் பாக்கலியா?"

"பாத்தேன். அடுத்த புதன்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை ஓட்டத் தேர்வு. அழைப்பு வந்துருச்சு. இன்னும் பன்னெண்டு காலைதான் இருக்கு மேடம்."

"அதுக்கு நான் என்ன பண்ண? எனக்கு மெமோ வந்திருக்கு தெரியுமா உன்னால?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா வந்து நிக்கிற?"

"வேற எங்க போய் நிக்க மேடம்?"

அழவில்லை. அழுதிருந்தால், போய்ப் படு என்று அனுப்பியிருப்பேன். அழுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். இவள் நின்றுகொண்டே இருந்தாள். மெஸ் மணி அடித்தது. அப்போதும் போகவில்லை. எனக்கு வேறு வேலை இல்லாததால் தாமதப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். சும்மாதான் புரட்டினேன். அப்போது கண்ணில் பட்டது. அக்டோபரில் ஆறு நாள் மழை, ஓடவில்லை. நாலு நாள் அவளுக்குக் காய்ச்சல், ஓடவில்லை. ஆக, பத்து நாளின் தண்டனை நிறைவேற்றப்படவில்லை.

தண்டனையை ரத்து செய்தது நவம்பரில். இவை அக்டோபரில் கொடுத்தவை. நோட்டீஸில் 'இன்றோடு' என்றுதான் இருந்தது, 'முன்தேதியிட்டு' என்று இல்லை. கொடுத்த தண்டனையை மழை பெய்தது, காய்ச்சல் வந்தது என்று விட்டுவிட முடியுமா? விதி என்றால் விதிதான்.

"பத்து நாள் தண்டன மிச்சமிருக்கு. தப்பிக்கலாம்னு பாத்தியா? நாளைக்கு அஞ்சரைக்கு வா" என்றேன்.

பன்னிரண்டு காலையில் இரண்டு ஞாயிறு போனால் பத்து. கணக்கு சரியாக இருந்தது. ஒன்பது நாள் ஓடினாள். பத்தாவது நாள், தேர்வுக்கு முந்தின காலை, எனக்குத் தலைவலி. போய்ப் படுத்துக்கொள், காலை நீட்டிப் படு, இன்றைக்கு என்னால் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு நாள் பதிவேட்டில் நிறைவேறாமலே இருக்கிறது, பாருங்கள். அது என் தவறு, அவள் தவறில்லை.

தேர்வன்றைக்குக் காலை ஐந்து மணிக்கே கிளம்பவேண்டும். ஆறு மணிக்கு முன் விடுதிப் பெண் வெளியே போனால் கூட ஒருவர் போகவேண்டும். பாக்கியத்துக்கு அன்றைக்கு லீவு. கேட்டால் இப்போது இல்லவே இல்லை என்பாள், அவளுக்கு மறதி. நான் போனேன். மைதானத்துக்குள் எங்களை விடவில்லை. வெளியே சுவரோரம் அப்பாக்கள், அண்ணன்கள், ஒரு புருஷன், கைக்குழந்தையோடு. அவர்களோடு நானும் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. உள்ளே விசில் ஊதும் சத்தம் மட்டும் கேட்கும். ஒவ்வொரு விசிலுக்கும் என் கை தானாகச் செல்போனை அழுத்தியது. எது யாருடைய விசில் என்று யாருக்குத் தெரியும்? சும்மா ஒரு பழக்கம்.

பதினொரு மணிக்கு வெளியே வந்தாள்.

"எவ்வளவு?"

"நேரம் சொல்லல மேடம். பாஸுன்னாங்க."

"நேரம் தெரியாம என்ன ஓட்டம்? சரி, வா, இட்லி சாப்பிடு."

அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் அவளாகப் போய் வந்தாள். இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும், மறைக்கக் கூடாது. தேர்வு முடிந்த அடுத்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு நாள்கூட அவள் தாமதமாக வரவில்லை. ஐந்தே காலுக்கெல்லாம் விடுதியில் இருக்கிறாள். தண்டனையின் பலன் தாமதமாகத்தான் தெரியும் என்பது இதுதான். கடைசியில் திருந்திவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள், இந்த ஒரு வரியில் நான் என்ன எழுதுவது? 'நன்று' என்று எழுதினால் எழுபத்து நான்கு தாமதத்தை மறைத்ததாகிவிடும். எழுபத்து நான்கு தாமதம் என்று மட்டும் எழுதினால் அவள் வேலை போகும். நேற்றிரவு அவள் அப்பா போனில் கூப்பிட்டார். தெருவெல்லாம் சொல்லிவிட்டோம் டீச்சர் என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்ன? நடந்ததையே எழுதட்டுமா? இவ்வளவையுமா? பின்பக்கத்தில் எழுதினால் உங்கள் அதிகாரி ஒத்துக்கொள்வாரா? நீங்கள் பேசிக்கொள்வீர்களா? சரி. பேனா கொடுங்கள், என்னுடையதில் மை இல்லை.

'செல்வி மா. மாரிக்கனி விடுதிக்கு எழுபத்து நான்கு முறை தாமதமாக வந்தார். ஒவ்வொரு முறையும் ஒன்று அல்லது இரண்டு நிமிடம். அதற்காக விதித்த தண்டனையை ஒரு நாள் நீங்கலாக முழுமையாக, முணுமுணுக்காமல் நிறைவேற்றினார். விடுபட்ட நாளுக்குக் காப்பாளரின் தலைவலி காரணம். தண்டனைக்கு ஒரு நாள்கூடத் தாமதமாக வரவில்லை. காலை ஐந்தரை என்றால் ஐந்து இருபத்தைந்துக்கு நிற்பார். இவருடைய நடத்தையில் நான் கண்ட குறை இவ்வளவே.'

போதுமா? படித்துப் பாருங்கள். கையெழுத்து, தேதி, முத்திரை. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள் ஏட்டம்மா, நான் சிரிக்கும்படியாக ஒன்றும் எழுதவில்லையே.

எப்போது வேலையில் சேரவேண்டும்? முதலில் பயிற்சியா? அங்கே எப்படி, சாப்பாடெல்லாம் ஒழுங்காகக் கொடுப்பார்களா? காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவார்கள்? ஐந்து மணிக்கேவா? எழுப்பி?

ஓட விடுவார்களா? தினமுமா? ஒரு தப்பும் செய்யாமலேயா?